லவோனா ஓட்ட மறுத்த வண்டி

எங்கள் டிரை ஃபோர்க் ஊரில் யாராவது செத்துப்போனால் அந்த வீட்டுக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோவார்கள். துருவிய உருளைக்கிழங்கோடு சீஸும் புளித்த பாலேடும் கலந்து, மேலே கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவி ஓவன் அடுப்பில் சுட்டு எடுத்தது. லவோனா பெக்கின் டிரைவிங் லைசென்ஸைப் பிடுங்கிய வாரம் அவள் வீட்டுக்கு அப்படி ஐந்து தட்டு வந்தது.

"இங்க யாரும் சாகலையே, எதுக்கு இதெல்லாம்?" என்று அவள் வாசலில் நின்றவர்களைக் கேட்டாள்.

தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் புருஷன் டெல்மர் ஐந்தையும் சாப்பிட்டு முடித்தான்.

லவோனாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. கல்யாணமான மறுவருஷத்திலிருந்து ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். தெற்கே நிலக்கரி ரயில் போகும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பண்ணை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அவள் பஸ்ஸில் வந்தவர்கள்தான். அவளிடம் திட்டு வாங்காத ஆள் எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே கிடையாது.

செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம், கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுக் கதவைத் திறந்தாள். அதற்கப்புறம் அவளுக்கு நினைவிருப்பது ஒரு சூயிங்கம். சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்தது. அவள் தரையில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்றுதான் முதலில் சொன்னாளாம். நடுவில் வந்துபோனது வலிப்பு. பிள்ளைகள் பஸ் ரேடியோவில் ஸ்கூலைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸை எடுத்துவரப் போனது நான். வழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்துவரும் லாரி இந்த வட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் போனபோது ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"ரூலன், ரயில்வே கேட்டத் தாண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கேன்?"

"அரை மைல்கூட இருக்காது."

தலையை ஆட்டிக்கொண்டாள். அதைப் பற்றி அப்புறமும் யாரிடமும் பேசவில்லை.

ஆறு மாதம் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். நடுவில் மறுபடி வலிப்பு வந்தால் ஆறு மாதம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஸ்கூல் பஸ் என்றால் பல வருஷம் ஆகும். அதாவது இனி இல்லை. டாக்டர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லவில்லை. லவோனா அவருக்காகச் சொன்னாள்.

டெல்மர் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இனி நானே உன்னை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னான். அவன் வண்டி ஓட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. ரொம்ப மெதுவாகப் போவான். போகும்போது கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான்.

"அந்த வேலி புதுசு."

"ம்."

"போன வருஷம் இல்ல."

"ம்."

"இந்தப் பக்கம் பழசு அப்படியே இருக்கு பாரு."

ஒரு வாரம் இப்படிப் போனது. அடுத்த சனிக்கிழமை அவள் நடந்தே போய், சர்ச் வேலைக்காகப் பெரு நாட்டுக்குப் போய்விட்ட ஒரு பையனின் மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிளை அவன் வீட்டு ஷெட்டிலிருந்து வாங்கி வந்தாள். சைக்கிள் ஆரஞ்சு நிறம். டயர் என் கை மணிக்கட்டைவிடப் பருமன்.

முதல் வாரம் முழுக்க நெருஞ்சி முள்ளோடு சண்டை. எங்கள் ஊர் நெருஞ்சி, ஷூவுக்குள்ளேயே இறங்கும். என் மெக்கானிக் கடைக்கு வந்து பஞ்சர் பார்த்துப் பார்த்து, கடைசியில் டயருக்குள் ஊற்றுகிற பச்சைப் பசையை வாங்கி ஊற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் கடைக்கு வருவதில்லை. ஊருக்கு வெளியே போக ஆரம்பித்துவிட்டாள்.

வெளியே என்றால் சுரங்கப் பாதைகள். என் அப்பா காலத்தில் யுரேனியத்துக்கு விலை ஏறியபோது, புல்டோசர் வைத்திருந்தவனெல்லாம் இந்தப் பாலைவனத்துக்குள் இறங்கினான். யுரேனியம் கிடைத்த இடத்துக்கு ஒரு ரோடு என்றால் கிடைக்காத இடத்துக்குப் பத்து ரோடு போட்டார்கள். ஒருநாள் எல்லாரும் போய்விட்டார்கள். ரோடுகள் மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் பாறைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. அந்தப் புல்டோசர்காரர்களில் ஒருவர் லவோனாவின் அப்பா. அவள் ஒன்பதாவது படிக்கும்போது நுரையீரல் கெட்டுச் செத்துப்போனார். அவர் கடைசியாக ரோடு வெட்டிய இடம் டின்கப் பள்ளத்தாக்கு. அந்தப் பெயரை அவள் அம்மா வீட்டில் யாரையும் சொல்ல விட்டதில்லை.

அக்டோபரில் லவோனா சர்ச் வாசலில் வைத்து, டின்கப்பை ஒரு சுற்றுச் சுற்றிவரப் போவதாகச் சொன்னாள். எங்கள் பிஷப்பின் மனைவி மார்ஜீன் பயந்துவிட்டாள். பிஷப் என்றால் வாரநாளில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர்தான். ஆனாலும் சபையில் யாருக்கு என்ன நடந்தாலும் கவலைப்பட வேண்டியது தன் பொறுப்பு என்று மார்ஜீன் நினைப்பாள்.

"சிஸ்டர் பெக், அங்க போய் வலிப்பு வந்து விழுந்தீங்கன்னா?"

"விழுந்தா நான் ஒருத்திதான விழுவேன்" என்றாள் லவோனா.

எல்லாரும் அவரவர் வண்டிக்குப் போனோம்.

டின்கப் சுற்று இப்படி. மேட்டு நிலத்திலிருந்து காய்ந்த ஓடை வழியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். நடுவில் பாறை நெருங்கி, இரண்டு பக்கச் சுவரையும் கை நீட்டித் தொடும் அளவுக்கு ஆகிவிடும். வண்டி எதுவும் போகாது. அதைக் கடந்து வெளியே வந்தால் லக்கி நோரா என்ற பழைய சுரங்கம். அங்கிருந்து செங்குத்துச் சுவரில் வெட்டிய ஒற்றைத்தட ரோடு மேலே ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும். அந்த ரோட்டில் பிக்கப் வண்டி போகும், ஓட்டுகிறவனுக்குத் துணிச்சல் இருந்தால். டெல்மர் அது வழியாக இறங்கி, லக்கி நோராவில் தண்ணீரும் சாண்ட்விச்சும் வைத்துக்கொண்டு காத்திருப்பதாக ஏற்பாடு.

காலையில் குளிரில் கிளம்பினாள். ஓடை மணலில் சைக்கிள் புதைந்தது. டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மிதித்தாள். அப்படியும் ஓடாத இடங்களில் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஓரிடத்தில் காட்டுக் கழுதைகள் இரண்டு குறுக்கே நின்று அவளைப் பார்த்தன. பஸ் வாசலில் தள்ளுமுள்ளு செய்யும் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வையை அவள் பார்த்தாள். வழி விட்டன.

நெருங்கிய பாறைக்குள் போன வாரத்து மழைத் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. மேலே வானம் ஒரு நாடா அகலம். அங்கே ரொம்ப நேரம் நின்றதாக அப்புறம் என்னிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "யாரும் எதையும் காட்டி இது புதுசு, அது பழசுன்னு சொல்லல" என்றாள்.

வழியெல்லாம் அவள் ஒன்று செய்துகொண்டே வந்திருக்கிறாள். பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளின் பெயரை நிறுத்தம் நிறுத்தமாக, வரிசை தப்பாமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மிதித்திருக்கிறாள். பெயர் ஓடுகிற வரைக்கும் மூளை சரியாக இருக்கிறது என்று கணக்கு. எங்காவது தடுமாறினால் உடனே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். இது டாக்டர் சொன்னதல்ல. அவளே வைத்துக்கொண்டது.

மத்தியானத்துக்குள் லக்கி நோராவுக்கு வந்துவிட்டாள். டெல்மரின் பிக்கப் அங்கே நின்றது. கதவு திறந்திருந்தது, சாவி தொங்கியது, ரேடியோவில் மாட்டுச் சந்தை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. டெல்மரைக் காணோம்.

"டெல்மர்!"

"இங்க இருக்கேன்."

"எங்க?"

"கீழ பாரு."

தாதுவை லாரியில் கொட்டுவதற்காகக் கால் நட்டு உயரமாகக் கட்டிய மரத்தொட்டி ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. அதன் அடியில் உடைந்த பலகைகளுக்கு நடுவே அவன் மல்லாந்து கிடந்தான். வலது பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

"மேல எதுக்கு ஏறின?"

"நீ வர்றியான்னு பாக்கத்தான்."

"பாத்தியா?"

"பாதி தூரம் ஏறினப்ப பலக போயிடுச்சு."

லவோனா பலகைத் துண்டுகள் இரண்டை எடுத்துக் காலுக்கு அணைகொடுத்து, பையில் இருந்த மாற்று ட்யூபால் சுற்றிக் கட்டினாள். அக்குளில் கைகொடுத்துப் பின்பக்கமாக இழுத்து, எப்படியோ பிக்கப்பின் பின்பலகையில் ஏற்றி உட்காரவைத்தாள். டெல்மர் பெரிய உடம்பு. அவன் கத்தியதை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு சாண்ட்விச்சைத் தேடினாள்.

"ரெண்டையும் தின்னுட்டேன். நீ வர லேட்டாச்சு" என்றான்.

அவள் தண்ணீர் குடித்தாள்.

"சரி, ஏறு. வண்டிய எடு" என்றான் டெல்மர்.

"நான் எடுக்க மாட்டேன்."

"என்னது?"

"எனக்கு லைசென்ஸ் இல்ல."

"லவோனா, இங்க போலீஸு இல்ல. மனுஷனே இல்ல. இது ரோடே இல்ல!"

"நான் போலீஸப் பத்திப் பேசல."

"என் கால் போயிக் கெடக்கு. சாவி தொங்குது. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவ நீ!"

"அதனாலதான் சொல்றேன். இந்த ரோட்டுல ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் ஒண்ணுமில்ல. ஓட்டும்போது எனக்கு வந்துச்சுன்னா?"

"வராது."

"பஸ்லயும் வராதுன்னுதான் ஓட்டிட்டிருந்தேன்."

பதில் இல்லாதபோது டெல்மர் சத்தத்தைக் கூட்டுவான். கூட்டினான். இடது காலால் தானே ஓட்டிக்கொள்வதாகச் சொல்லி இறங்கப் பார்த்தான். பாதம் தரையில் பட்டதும் மறுபடி உட்கார்ந்துகொண்டான். லவோனா அவன் மேல் போர்வையைப் போட்டு, கையெட்டும் தூரத்தில் தண்ணீரை வைத்தாள். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்தாள். ஃபோன் சிக்னல் மேட்டு நிலத்தில்தான் கிடைக்கும்.

அந்த ஏற்றத்தை நான் லாரியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறவன். அவள் வெறும் வயிற்றோடு, காலையிலிருந்து மிதித்த காலோடு ஏறினாள். கோபம் முதல் இரண்டு வளைவுக்குப் போதுமானதாக இருந்ததாம். அதற்கப்புறம் பயம் வந்தது. டெல்மர் வாயடைத்துப் போனால் என்ன செய்வது என்ற பயம். அவன் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் வரை ஆபத்தில்லை என்பது அவளுக்குத் தெரியும். நாலாவது வளைவில் நின்று காதுகொடுத்தாள். கீழேயிருந்து அவள் பெயரைச் சொல்லித் திட்டுவது கேட்டது. மிதித்தாள்.

பாதிக்கு மேல் ஒரு பெயரில் தடுமாறினாள். ஹண்டிங்டன் பண்ணை நிறுத்தத்தில் இரண்டாவதாக ஏறுகிற பையன். முகம் தெரிகிறது, பை தெரிகிறது, பெயர் வரவில்லை. உடனே இறங்கினாள். சைக்கிளைச் சுவர்ப் பக்கம் சாய்த்துவிட்டு, தானும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். எதிரே வெறும் காற்று. காலுக்கு இரண்டடி தள்ளி ரோடு முடிந்துவிடுகிறது. கையை முட்டியில் கட்டிக்கொண்டு, வருவது வரட்டும் என்று காத்திருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் பாறையில் ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தாள். வெடிமருந்து வைக்கத் துளைத்த குழி, பாறை பிளந்ததில் நீளவாக்கில் பாதியாக நின்றது. அந்தச் சுவர் முழுக்க அப்படி வரிசையாக இருக்கிறது. விரலை உள்ளே விட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரே தடவைதான். "நல்லாத்தான் வெட்டியிருக்காரு. ஆனா வளைவுல அகலம் பத்தாது" என்றாள்.

வலிப்பு வரவில்லை. பெயர்தான் வந்தது. டேலன். வெறும் மறதி. "அம்பத்தேழு வயசுல பேரு மறக்கிறது சகஜம்னு அப்பத்தான் நெனப்பு வந்துச்சு" என்றாள். எழுந்து மறுபடி மிதித்தாள்.

எனக்கு ஃபோன் வந்தபோது மார்ஜீனின் காருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ரூலன், டெல்மர் கால ஒடச்சுக்கிட்டான். லக்கி நோராவுல இருக்கான்."

"வண்டி?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நீங்களே…" என்று ஆரம்பித்தேன். அவளுடைய ஆறு மாதம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். "சரி, வர்றேன். நீங்க அங்கயே இருங்க" என்றேன்.

"நான் கீழ போறேன். தனியா விட்டா ரேடியோவோட சண்ட போட ஆரம்பிச்சுடுவான்."

இரண்டு வண்டிக்கு இரண்டு ஆள் வேண்டும். அக்கம்பக்கத்தில் இருந்தது மார்ஜீன் மட்டும். சபையில் ஒருவருக்கு அடிபட்டிருக்கிறது என்று சொன்னதும் லாரியில் ஏறிவிட்டாள். அந்த ரோட்டைப் பற்றி நான் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லவோனாவும் டெல்மரும் பின்பலகையில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, சாண்ட்விச் விஷயமாகத் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். டெல்மரைப் பிக்கப்பின் முன்சீட்டுக்கு மாற்றி, காலை நீட்டிவைத்தோம். மார்ஜீன் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அண்ணாந்து ரோட்டைப் பார்த்தாள்.

"பிரதர் ரூலன், என்னால முடியாது."

"நான் பின்னாலயே வர்றேன், சிஸ்டர்."

"நீங்க பின்னால வந்து என்ன பண்றது? விழுகுறத வேடிக்க பாக்கவா?"

லவோனா ஜன்னலருகே வந்தாள். பஸ்ஸில் முதல் நாள் ஏறும் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"மார்ஜீன், என்னப் பாரு. ரோட்டப் பாக்காத. நான் முன்னால சைக்கிள்ல போறேன். என் பின்சக்கரம் போற தடத்துலயே உன் இடது சக்கரம் வரட்டும். நான் கையத் தூக்கினா நில்லு. ஆட்டினா வா. வேற எதையும் பாக்க வேண்டாம்."

அப்படித்தான் மேலே ஏறினோம். முன்னால் லவோனா, அடுத்து மார்ஜீன், கடைசியில் நான். ஒவ்வொரு வளைவிலும் லவோனா இறங்கி, ஓரத்து மண்ணை ஷூவால் மிதித்துப் பார்ப்பாள். கையைத் தூக்குவாள். பிறகு ஆட்டுவாள். அன்றைக்கு அவளுக்கு அது இரண்டாவது ஏற்றம். சைக்கிள் நடைவேகத்துக்கும் குறைவாகப் போனது. என் லாரி முதல் கியரில் முனகியது. நான் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்ததால் முன்வண்டியில் பேசுவது எனக்குக் கேட்டது.

"ஹார்ன அடிங்க சிஸ்டர்! கால் உயிர் போகுது! வேகமா மிதிக்கச் சொல்லுங்க!"

"சிஸ்டர் பெக்குக்கு நான் ஹார்ன் அடிக்க மாட்டேன், பிரதர் பெக்."

"அப்ப நான் அடிக்கிறேன்."

"ஹார்ன்ல கை வச்சீங்கன்னா வண்டிய இங்கயே நிறுத்திட்டு எறங்கிப் போயிடுவேன்."

டெல்மர் வாயை மூடிக்கொண்டான். அவன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசாமலிருந்து நான் பார்த்ததில்லை.

மேட்டுக்கு வந்துசேர்ந்தபோது வெயில் பாறைகளின் தலையில் மட்டும் இருந்தது. மார்ஜீன் வண்டியை விட்டு இறங்கி, புதர்ப் பக்கம் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தாள். பிறகு லவோனாவிடம் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள். லவோனா சைக்கிளைக் கீழே போடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றாள்.

டெல்மரின் கணுக்காலில் தகடு வைத்தார்கள். ஊருக்குள் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. கட்டிய புருஷனை வலியில் துடிக்கவிட்டு, சாவி தொங்கும் வண்டியை ஓட்டாமல் போனாளே என்று சிலர். அவள் செய்ததுதான் சரி என்று சிலர். டெல்மர் இரண்டு கட்சியிலும் இருந்தான். உட்கார்ந்திருக்கும் ஆளைப் பொறுத்து மாறிக்கொள்வான்.

அந்தப் பேச்சு பிப்ரவரியில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிஷப் பேசிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் லவோனாவுக்கு மறுபடி வலிப்பு வந்தது. ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. டெல்மர் கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். பிஷப் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டார். அவள் கண் திறந்ததும் சுற்றி நின்ற எங்கள் முகங்களைப் பார்த்தாள். அவளே புரிந்துகொண்டாள்.

"சரி. மறுபடி ஒண்ணுலேருந்து" என்றாள்.

அன்று மட்டும் டெல்மர் பிக்கப்பில் அவளைக் கூட்டிப்போகும்போது எந்த வேலியைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லையாம். அது தனக்குப் பயமாக இருந்ததென்று லவோனா சொன்னாள்.

மாத்திரையை மாற்றினார்கள். அதற்கப்புறம் வரவில்லை. லைசென்ஸ் அடுத்த இலையுதிர்காலத்தில் வந்தது. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுகிறாள். பஸ் வேறொருவருக்குப் போய்விட்டது. லவோனா இப்போது ஸ்கூல் சமையலறையில் இருக்கிறாள். புதன்கிழமை மிளகாய் பீன்ஸும் லவங்கப்பட்டை ரொட்டியும் அவள் கைச் சமையல். பஸ்ஸில் திட்டியது போதாதென்று இப்போது வரிசையில் நிற்கும்போதும் திட்டுகிறாள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

மார்ஜீனும் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டாள். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் டின்கப்புக்குப் போகிறார்கள். முதல் தடவை மார்ஜீன் கள்ளிப் புதரில் விழுந்தாள். இடுக்கி வைத்து ஒரு வாரம் முள் எடுத்தார்கள். இரண்டாவது தடவை கை சிராய்த்தது. மூன்றாவது தடவைக்கு முந்தின நாள் பிஷப் என் கடைக்கு வந்தார். வந்த காரியத்தைச் சொல்லாமல் பேட்டரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ரூலன், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"யாருகிட்ட?"

"மார்ஜீன்கிட்ட."

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

பிஷப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"முள்ளு எடுக்கிற இடுக்கி வீட்டுல துருப்பிடிச்சிடுச்சாம். உங்ககிட்ட புதுசு இருந்தா வாங்கிட்டு வரச் சொன்னா."

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.